ஊரைக் கேட்டு கரண்ட் கொடுப்பது எப்படி?

சேலம், நாமக்கல் சமவெளியில் மின்சாரம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு நாற்காலி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. வாழ்த்துகள். நீங்கள் ஊராட்சியைப் பார்த்துக்கொள்ளும் தனி அலுவலராக இருக்கலாம். பிரிவு அலுவலகத்து ஏ.இ.யாக இருக்கலாம், திங்கள்கிழமை மனு வாங்கும் மேசையில் உட்காருகிறவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஓர் ஓலை வரும். மின் விநியோகம் பற்றிய முடிவுகளில் பொதுமக்களின் பங்கேற்பை உறுதி செய்து, போட்டோவுடன் அறிக்கை அனுப்பவும் என்று அதில் இருக்கும்.

பதற வேண்டாம். பங்கேற்பு வேறு, முடிவு வேறு. இரண்டும் ஒரே கூட்டத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் காப்பதுதான் உங்கள் வேலை. அதற்கான முறைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாம் இந்த நாட்டில் ஏற்கெனவே ஓட்டிப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று தெரிந்துகொண்டவை.

இடத்தைத் தூர வையுங்கள்

மின்சாரச் சட்டம் 2003-இல் 64-ஆம் பிரிவு என்று ஒரு தொந்தரவு இருக்கிறது. கட்டணத்தை மாற்ற வேண்டுமானால் மனுவை ஊரறிய வெளியிட வேண்டும். மக்களின் ஆலோசனையையும் ஆட்சேபத்தையும் பரிசீலித்த பிறகே ஒழுங்குமுறை ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். கேட்காமல் ஏற்ற முடியாது. ஆனால் எந்த ஊரில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூடக் கிடையாது. நம் பிழைப்பு அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

2022 ஜூலையில் மின்வாரியம் கட்டண உயர்வு கேட்டு மனு போட்டது. ஆகஸ்டில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. கோவையில் ஒன்று, மதுரையில் ஒன்று, சென்னையில் ஒன்று. அவ்வளவுதான். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவரும், ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவரும், மோகனூரில் வாழை போட்டவரும் மேற்கே கோயம்புத்தூருக்கு பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு தனி. போய்ச் சேர்ந்தால் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, மைக் முன்னால் சில நிமிஷம் பேசலாம். பேசப்போவதோ பல நூறு பக்கம் உள்ள மனுவைப் பற்றி. அதைப் படித்தவர் அந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று எண்ணுவது நாகரிகம் இல்லை.

செப்டம்பர் 10-ஆம் தேதி புதுக் கட்டணம் அமலுக்கு வந்துவிட்டது. அந்த ஆணையின் அழகு வேறொரு இடத்தில் இருக்கிறது. 2026-27 வரைக்கும் ஆண்டுதோறும் ஜூலையில், விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து, ஆறு சதவீதத்துக்கு மிகாமல் ஏற்றிக்கொள்ள அதிலேயே வழி செய்யப்பட்டது. 2024-இல் 4.83 சதவீதம் ஏறியபோது கோயம்புத்தூரில் யாரும் மைக் கட்டவில்லை. ஒரு முறை கேட்டதை ஐந்து வருஷத்துக்கு வைத்துச் சாப்பிடலாம் என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. முட்டைக்கு அன்றாடம் நாமக்கல்லில் விலை சொல்கிறார்கள். கேரளா வரைக்கும் அதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். கோழிக் கொட்டகைக்கு வரும் மின்சாரத்தின் விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் அதே நாமக்கல்காரர் மூட்டை கட்ட வேண்டும்.

கோரம் நிரப்புதல்

ஊருக்குள்ளேயே கூட்டம் போட்டுத்தான் தீர வேண்டும் என்றால் கிராம சபை இருக்கிறது. முன்பெல்லாம் வருஷத்துக்கு நான்கு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. பிறகு மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறாகிவிட்டது. ஜனத்தொகை ஐந்நூறுக்குள் இருந்தால் 50 பேர், மூவாயிரம் வரை 100 பேர், பத்தாயிரம் வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்களை வேலை முடிந்த கையோடு மரத்தடிக்கு அழைத்து வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிட்டால் கோரம் நிறைந்துவிடும். அவர்களுக்கு நடவடிக்கை என்ன என்பது காதில் விழாத தூரத்தில் பாய் போடவும்.

காலை 11 மணி உத்தமம். ராத்திரி ஷிப்ட் முடித்த தறிக்காரர்கள் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்கள். பகல் ஷிப்டுக்காரர்கள் தறியில் இருப்பார்கள். லாரி டிரைவர்கள் நாக்பூர் தாண்டியிருப்பார்கள். ரிக் வண்டிக்காரர்கள் எந்த மாநிலத்தில் துளை போடுகிறார்கள் என்று அவர்கள் வீட்டுக்கே தெரியாது. மீதி இருப்பவர்கள் கேள்வி கேட்கிற வயதைத் தாண்டியவர்கள்.

இன்னொரு சௌகரியமும் வாய்த்திருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட சேலம், நாமக்கல் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தலைவர் போனார், வார்டு உறுப்பினர் போனார், தனி அலுவலர் வந்தார். வார்டு உறுப்பினர் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கும் வீட்டுக் கதவைத் தட்டி, “ஏனுங்க, தெருவிளக்கு எரிஞ்சு ஒரு மாசமாச்சுங்க, பாத்தீங்களா?” என்று கேட்பார்கள். தனி அலுவலரின் வீடு எங்கே என்று ஊருக்கு எப்படித் தெரியும்?

யார் நுகர்வோர் என்று தெளிவுபடுத்துங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அனுபவசாலிகளே இதில் சறுக்குகிறார்கள்.

அழைப்பிதழில் ‘மின் நுகர்வோர் அனைவரும் வருக’ என்று போடுங்கள். ‘பொதுமக்கள்’ என்று போட்டுவிடாதீர்கள். நுகர்வோர் என்றால் சர்வீஸ் நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவர். குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்தில் தறிக்கூலிகள் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நடுவே நடை, இரண்டு பக்கமும் ஒற்றை அறை, கோடியில் பொதுக் குழாய். பல இடங்களில் மொத்த லைனுக்கும் மெயின் மீட்டர் ஒன்றோ இரண்டோதான். வீட்டுக்கு வீடு ஓனர் மாட்டிய சப்மீட்டர். 2016 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிறது அரசு. அந்த நூறு யூனிட் மெயின் மீட்டர் வாசலோடு நின்றுவிடும். அதற்கு மேல் எல்லா வீடும் சேர்ந்து ஓட்டுவதால் யூனிட் ஐந்நூறைத் தாண்டி, கணக்கு மேல்படிக்குப் போய்விடும். ஓனர் அதையும் பார்த்து, அவர் சௌகரியத்தையும் பார்த்து, யூனிட்டுக்கு ஒரு விலை வைப்பார். ஏ.சி. போட்ட மாடி வீட்டுக்காரர் தன் முதல் நூறு யூனிட்டுக்குக் காசு கட்டுவதில்லை. ஒரு பேன், ஒரு பல்ப், ஒரு மிக்சி வைத்திருக்கும் லைன் வீட்டுக்காரி முதல் யூனிட்டிலிருந்தே கட்டுகிறார்.

அவர் கூட்டத்துக்கு வந்து, “எங்களுக்கு மட்டும் ஏனுங்க இலவசம் இல்லை?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? பதிலே தேவையில்லை. “அம்மா, உங்க சர்வீஸ் நம்பர் சொல்லுங்க” என்றால் போதும். இருக்காது. நுகர்வோரே இல்லாத ஒருவருக்கு குறை எப்படி இருக்க முடியும்?

விசைத்தறிக்கான இலவசத்திலும் கதை இதுதான். 2023-இல் அதை இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தினார்கள். நல்ல காரியம், சின்னத் தறிக்காரர்கள் பலர் அதனால்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். சலுகை தறிக்கூடத்தின் பேரில் வருகிறது. தறியில் நிற்பவருக்குக் கூலி மீட்டர் கணக்கில். கரண்ட் போன நேரத்துக்குத் துணியும் இல்லை, கூலியும் இல்லை. அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாததால், உங்கள் அறிக்கையும் சுத்தமாக இருக்கும்.

டிரான்ஸ்பார்மர் விஷயம்

தெருவிளக்கு மஞ்சளா, வெள்ளையா என்று ஊரைக் கேளுங்கள். கம்பத்தில் பெயின்ட் அடிப்பதைப் பற்றிக் கேளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு காலை 9 முதல் 2 வரை நிறுத்துவது செவ்வாயா, வியாழனா என்றுகூடக் கேட்கலாம். டிரான்ஸ்பார்மர் எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஊரின் வரைபடத்தில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அந்த ஒரு கேள்வி காட்டிக்கொடுத்துவிடும்.

நம் பக்கத்து ஊர் அமைப்பு தெரிந்ததுதான். தார் ரோட்டோரம் மாரியம்மன் கோயில், அதை ஒட்டி மெத்தை வீடுகள், பின்னால் கடைவீதி, பிறகு ஓடை, ஓடை தாண்டிக் காலனி. டிரான்ஸ்பார்மர் கோயில் பக்கம் நிற்கும். அங்கிருந்து கம்பி வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே போய், ஓடையைத் தாண்டும்போது இளைத்துவிடும். கடைமடைக்குத் தண்ணீர் வருவது போலத்தான். 230 வோல்ட், ஆறு சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது விதி. அதாவது 216-க்குக் கீழே இறங்கக் கூடாது. பொழுது சாய்ந்து மேல்வீதியில் ஏ.சி.யும் தோட்டத்தில் மோட்டாரும் ஓடத் தொடங்கினால், காலனியில் டியூப் லைட் கண் சிமிட்டும், மிக்சி முனகும், பேன் தன் றெக்கைகளை எண்ணிக் காட்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவிளக்குக்குப் போனால், தெருவிளக்கும் அதே கம்பியில்தான் தொங்குகிறது.

மருந்து எல்லோருக்கும் தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், 63 கே.வி.ஏ. போதும். அதைக் கேட்டு யாராவது எழுந்தால் உடனே ஒத்துக்கொள்ளுங்கள். “கட்டாயம் வைக்கலாம். இடம் காட்டுங்க” என்று சொல்லுங்கள். காலனியில் ஆளுக்கு மூன்று சென்ட் பட்டா. வீட்டுக்கு முன்னால் உயரழுத்தக் கம்பி இறங்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஓடைப் புறம்போக்கில் வைக்கலாமே என்பார்கள். அது காகிதத்தில்தான் புறம்போக்கு. நிலத்தில் மேல்வீதிக்காரர் ஒருவரின் தென்னந்தோப்பு. அவர் பேரைச் சொல்லி ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்வதற்கு அந்தக் கூட்டத்தில் ஒருவரும் துணிய மாட்டார்கள். மறுநாள் காட்டு வேலைக்கு அவரிடம்தானே போக வேண்டும்? கூட்டம் அமைதியாகிவிடும். ‘இடம் குறித்து ஒருமித்த கருத்து ஏற்படவில்லை’ என்று எழுதிக்கொள்ளுங்கள். பொய்யே இல்லை.

அதையும் மீறி இடம் காட்டிவிட்டால், டெபாசிட் ஒர்க் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. எஸ்டிமேட் போட்டுக் கொடுங்கள். பணத்தைக் கட்டினால் வேலை நடக்கும். வோல்டேஜ் இல்லாதது ஏழைகளின் குறை, அதைத் தீர்க்கும் பணமும் அவர்களிடம் இருந்தே வர வேண்டும் என்பதில் ஒரு சீர்மை இருக்கிறது.

வரிசை

தோட்டத்துக் கிணற்றுக்கு இணைப்புக் கேட்டு வருகிறவர்களுக்கு நியாயத்தைப் பற்றி ஒரே பாடம்தான். முதலில் பதிந்தவருக்கு முதலில். பதிவு மூப்பு. இதைவிட நேர்மையான முறை உலகத்தில் உண்டா? 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் இணைப்புத் தரும் திட்டத்தைத் தொடங்கியபோது வரிசையில் நின்றவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர். பதிந்தவர் போய்ச் சேர்ந்து, மகன் பேருக்கு மாற்றி, மகனுக்கும் நரைத்த கேஸ்கள் உண்டு.

அவசரம் என்றால் தட்கல். 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சம், 10 எச்.பி.க்கு மூன்று லட்சம், 15 எச்.பி.க்கு நான்கு லட்சம் என்று வைத்திருந்தார்கள். கட்டினால் வரிசை விலகி வழிவிடும். இலவச மின்சாரத்தை முன்பணம் கட்டி வாங்கலாம் என்கிற இந்த யோசனையை எந்தக் கிராம சபை சொன்னது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நீங்களும் நினைவுபடுத்த வேண்டாம்.

மேலே போகிற கம்பி

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 1,765 கிலோமீட்டருக்கு ஒரு மின்பாதை வந்திருக்கிறது. 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட். மேற்கு மாவட்டங்களின் காடு தோட்டங்கள் மேல் அது ஓடுகிறது. கீழே நிற்பவருக்கு லோ வோல்டேஜ். தலைக்கு மேலே எட்டு லட்சம் வோல்ட்.

இந்த மாதிரி வேலைகளுக்கு கூட்டமே தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, தந்திக் கம்பி இழுக்கிறவருக்கு இருந்த அதிகாரத்தை மின்கம்பி இழுக்கிறவருக்கும் கொடுக்க வழி செய்கிறது. அந்த அதிகாரம் இந்தியத் தந்திச் சட்டம் 1885-இல் இருந்து வருவது. விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம். நிலத்தை வாங்க வேண்டியதில்லை; சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டியதில்லை; அவர் மறித்தால் கலெக்டர் உத்தரவு போடலாம். இந்த நாட்டில் கடைசித் தந்தி 2013 ஜூலை 14-இல் அடிக்கப்பட்டது. தந்தி செத்த பிறகும் அதன் சட்டம் எங்கள் தோட்டத்தில் கோபுரம் நட்டது.

2018 டிசம்பரில் நாமக்கல், ஈரோடு, திருப்பூர் உள்ளிட்ட மாவட்டங்களில் விவசாயிகள் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். சிலர் உண்ணாவிரதமும் இருந்தார்கள். கம்பியை ரோட்டோரம் பூமிக்குள் புதையுங்கள் என்றார்கள். புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் பாதையில் கேரளப் பகுதியில் புதைத்துத்தானே கொண்டு போகிறீர்கள் என்றும் கேட்டார்கள். அது 320 கிலோவோல்ட், இது 800, இதைப் புதைக்க வழியில்லை என்று பதில் வந்தது. தொழில்நுட்பப்படி அந்தப் பதிலில் நியாயம் உண்டு, அதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் பாதை எந்த வரப்பில் திரும்ப வேண்டும், கோபுரம் கிணற்றை ஒட்டி நிற்க வேண்டுமா, தென்னைக்கு என்ன விலை என்பதிலெல்லாம் கிலோவோல்ட் எதுவும் இல்லை. அவற்றை நில அளவைக் கல் நடுவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இழப்பீட்டைப் பொறுத்தவரை, 2015-இல் மத்திய அரசு போட்ட வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி ஓடும் பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று இருந்தது. 2024-இல் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். உட்கார்ந்து மறித்தவர்களின் குரல் எங்கோ கேட்டிருக்கிறது; அவர்கள் தோட்டத்தில் கோபுரம் எழும்பிய பிறகு.

பற்றாக்குறைக் காலத்தில்

2012 மாதிரி ஒரு வருஷம் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள். அப்போது சென்னைக்கு அறிவித்த மின்வெட்டு முதலில் ஒரு மணி நேரம். பிப்ரவரி கடைசியிலிருந்து இரண்டு மணி. மற்ற மாவட்டங்களுக்கு அறிவித்தது நான்கு மணி நேரம். நடந்ததோ பத்துக்கு மேல், மோசமான நாட்களில் பதினான்கு, பதினாறு. மேட்டூர் அனல்மின் நிலையம் இருப்பது எங்கள் சேலம் மாவட்டத்தில். மேட்டூர் அணையில் 1930-களின் கடைசியிலிருந்து மின்சாரம் எடுத்ததும் இங்கேதான். புகை இங்கே, சாம்பல் இங்கே, இருட்டும் இங்கே. அந்த மின்வெட்டுக்கு முந்தின செப்டம்பரில்தான் வீட்டுக்கு வீடு விலையில்லா மிக்சி, கிரைண்டர், பேன் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பேனைத் துடைத்து வைத்து விசிறியால் வீசிக்கொண்டோம்.

அந்த வருஷம் யாருக்கு எவ்வளவு என்று ஊரைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தறிக்கு ஒரே மூச்சாக எட்டு மணி நேரம் வேண்டும். விட்டு விட்டு வந்தால் நூல் அறும். கோழிப் பண்ணைக்குச் சித்திரை மதியம் வேண்டும். ராத்திரி இல்லாவிட்டாலும் கோழி பொறுக்கும். தோட்டத்துக்கு த்ரீ பேஸ் பகலில் வந்தால் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் பாம்பும் சேர்ந்து வரும். பிள்ளைகளுக்கு சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது. ஒருவர் கேட்கிற நேரம் இன்னொருவருக்கு வேண்டாத நேரம். ஒரு பீடரைச் சேர்ந்த ஊர்க்காரர்களை ஒரு மரத்தடியில் உட்கார வைத்தால் அரை நாளில் அட்டவணை போட்டிருப்பார்கள். இந்த ஆபத்து உங்கள் காலத்தில் நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மக்களுக்குப் பங்கு போடத் தெரியும் என்பது ஒரு முறை வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் நாற்காலி ஆடும்.

ஓடந்துறையில் அப்படித்தான் ஆனது. மேட்டுப்பாளையம் பக்கத்து அந்த ஊராட்சி 2006-இல் வங்கிக் கடனும் சேமிப்பும் போட்டு, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. தன் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கே விற்றது. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். நல்லவேளையாக, பார்த்துவிட்டுப் போனதோடு சரி.

சிரிக்க முடியாத ஒரு பத்தி

இதை நான் வழிகாட்டியில் சேர்க்காமல் விட்டிருப்பேன். நீங்கள் சேலத்தில் வேலை பார்க்கப்போவதால் சேர்க்கிறேன். மின்கட்டணத்தைக் காசுக் கணக்கில் ஏற்றியதை எதிர்த்து 1970-லும் 1972-லும் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு. 1972 ஜூலை 5-இல் சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையத்தில் துப்பாக்கிச் சூடு. இறந்தவர்களுக்கு அங்கே இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 5 அன்று அஞ்சலி செலுத்துகிறார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதைத் தேர்தல் பரிசு என்று பேசுகிறவர்கள் ஆத்தூர் ரோட்டில் போகும்போது அந்த ஊரில் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தலாம். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காவிட்டால் என்ன விலை ஆகும் என்று அந்த ஊருக்குத் தெரியும்.

பதில்கள்

கூட்டத்தில் சொல்லும் பதில்களுக்கு ஆயுள் உண்டு. ‘ஆவன செய்யப்படும்’ அடுத்த கூட்டம் வரை தாங்கும். ‘எஸ்டிமேட் போட்டாச்சு’ ஆறு மாதம். ‘மெட்டீரியல் வரணுமுங்க’ ஒரு வருஷம் வரைக்கும் போகும், ஏனென்றால் அது பெரும்பாலும் உண்மை. லைன்மேன் பணியிடங்களும் காலியாகக் கிடப்பதால், இருக்கிற ஒருவர் மூன்று ஆள் வேலை பார்த்துக்கொண்டு ஊரின் ஏச்சையும் தனியாக வாங்கிக்கொள்கிறார். ‘அரசின் கொள்கை முடிவு’ என்பதற்கு முடிவே கிடையாது, பத்திரமாகப் பயன்படுத்தவும். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது ‘காலனிக்கு மூன்று வருஷமாக வோல்டேஜ் இல்லை’ என்று சொன்னதை ‘மின்னழுத்தம் குறித்துப் பொதுமக்கள் ஆர்வத்துடன் கலந்துரையாடினர்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மேல்முறையீடு பற்றிக் கவலை வேண்டாம். மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதன் தலைமை, அந்த வட்டத்து மேற்பார்வைப் பொறியாளரிடம். யார் மேல் புகாரோ அவர் ஆபீஸ் மாடியிலேயே விசாரணை.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அவர் கத்த மாட்டார். கையில் ஒரு நோட்டு இருக்கும். கரண்ட் போன தேதி, போன நேரம், வந்த நேரம், ராத்திரி எட்டு மணிக்குப் பிளக்கில் சொருகிப் பார்த்த வோல்டேஜ், அன்றைக்குப் பாதிக்கப்பட்ட வீடுகளின் சர்வீஸ் நம்பர் எல்லாம் வரிசையாக எழுதியிருப்பார். அதை கிராம சபையில் தீர்மானமாக வைத்து, நம்பர் போட்டு, நகல் கேட்பார். தீர்மான நகலோடு குறைதீர் மன்றத்துக்குப் போவார். அங்கே தள்ளுபடியானால் அந்த உத்தரவையும் நோட்டில் ஒட்டிக்கொண்டு சென்னையில் மின்குறை தீர்ப்பாளரிடம் போவார். ஒழுங்குமுறை ஆணையம் 2004-இல் போட்ட விநியோகத் தர விதிமுறைகளில், வேலை தாமதமானால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று இருப்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். உணர்ச்சியோடு பேசுகிறவரைச் சமாளிக்க மேலே பல வழி சொன்னேன். நேரம் குறித்து வைத்திருப்பவரைச் சமாளிக்க என்னிடம் வழி இல்லை.

அந்த நோட்டு எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. அதை விற்கக் கூடாது என்று இதுவரை விதி எதுவும் வரவில்லை.